மாஸ்டர் பிளானில் ஊர்க்காரருக்கு என்ன வேலை?

மதுரையிலிருந்து தென்காசிக்குப் போகிற பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஏறி ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தால், ராஜபாளையம் வருவதற்குள் ஊர் எங்கே முடிகிறது என்று கண்டுபிடிப்பது கஷ்டம். இரண்டுக்கும் நடுவில் சுமார் 12 கிலோமீட்டர்தான். பால்கோவா கடைகள் தீர்ந்ததும் கல்யாண மண்டபம், அப்புறம் பெட்ரோல் பங்க், வீட்டுமனை விற்பனைக்கான கலர் கொடிகள், கொஞ்சம் வயல், ஒரு கண்மாய், மில் சுவர், மறுபடியும் கலர் கொடிகள்... மேற்கே மலை மட்டும்தான் அப்படியே கூட வருகிறது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ராஜபாளையத்தில் 1,30,442 பேர், ஸ்ரீவில்லிபுத்தூரில் 75,396 பேர். இன்றைக்கு இன்னும் கூடியிருக்கும். இந்த இரண்டு ஊரும் இன்னும் இருபது வருடத்தில் எப்படி இருக்க வேண்டும், எந்தப் பக்கம் வளர வேண்டும், எந்தக் கண்மாயைத் தொடக்கூடாது, பஸ் ஸ்டாண்ட் எங்கே, குப்பை எங்கே - இதையெல்லாம் யாரோ ஒருவர் வரைபடத்தில் கலர் அடித்துத் தீர்மானிக்கிறார். மஞ்சள் என்றால் குடியிருப்பு, நீலம் என்றால் வணிகம், பச்சை என்றால் விவசாயம். அதற்குப் பெயர்தான் மாஸ்டர் பிளான். தமிழில் முழுமைத் திட்டம் என்கிறார்கள். அந்தக் கலரை அடிப்பதற்கு முன்னால் அந்த ஊரில் குடியிருப்பவரைக் கேட்பது உண்டா? சட்டப்படி உண்டு. நூறு வருடத்துக்கு மேலாக உண்டு. ஆனால் எப்போது கேட்கிறார்கள் என்பதில்தான் கதையே இருக்கிறது.

முதலில் இந்த ஊர்கள் மாஸ்டர் பிளான் இல்லாமல் எப்படி உருவாயின என்று பார்த்துவிடலாம்.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு நடுப்புள்ளி கோயில். 11 நிலை, 192 அடி ராஜகோபுரம், அதைச் சுற்றி வீதிகள், திருமுக்குளம், வெளியே பெரியகுளம் கண்மாய். இந்த மாதிரி கோயில் ஊர்களில் யாரும் கவனிக்காத ஒரு நகரமைப்பு அதிகாரி இருக்கிறார். அவர் பெயர் தேர்! ஆடிப்பூரத்துக்குத் தேர் ஓட வேண்டும் என்றால் ரத வீதி அகலமாக இருந்தாக வேண்டும். திண்ணையை இரண்டு அடி முன்னால் இழுத்துக் கட்டினவர், தகரப் பந்தல் போட்டவர் எல்லோரும் தேர் வரும்போது மாட்டிக்கொள்வார்கள். அளவு நாடா இல்லாமலேயே வருடத்துக்கு ஒரு தடவை வீதியின் அகலம் ஊர் முன்னிலையில் சரிபார்க்கப்படுகிறது. தமிழ்நாட்டின் பல பழைய ஊர்களில் மற்ற தெருக்கள் எல்லாம் சுருங்கிப் போக, தேரோடும் வீதி மட்டும் அகலமாக நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். வடம் பிடிக்க ஊரே வர வேண்டும் என்பதால், வீதி அடைபட்டால் கேள்வி கேட்கவும் ஊரே இருந்தது.

ராஜபாளையத்தின் கதை வேறு. ஆந்திரப் பகுதியிலிருந்து விஜயநகர, நாயக்கர் காலங்களில் வந்த ராஜு சமூகத்தாரின் குடியேற்றத்தோடு அந்த ஊர் வளர்ந்தது. கோட்டை என்று முடிகிற தெருப் பெயர்களும், கூடிப் பேசுகிற சாவடிகளும் அந்தக் காலத்தின் மிச்சம். பிறகு 1936 இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லை ஆரம்பித்தார். பஞ்சு வந்தது, நூல் வந்தது, சுற்று வட்டாரக் கிராமங்களிலிருந்து வேலைக்கு ஆட்கள் வந்தார்கள். பக்கத்துச் சத்திரப்பட்டியில் மருத்துவப் பேண்டேஜ் துணி பெரிய தொழிலாகவே ஆனது. 1927 இல் விருதுநகர் - தென்காசி ரயில் பாதை வந்திருந்ததும் கைகொடுத்தது. அதாவது ஒரு ஊர் கோயிலைச் சுற்றி வளர்ந்தது, இன்னொரு ஊர் மில் சங்குச் சத்தத்தைச் சுற்றி வளர்ந்தது.

இரண்டிலும் ஊர் கூடிப் பேசுகிற இடம் இருந்தது. யார் கூடிப் பேசினார்கள் என்பது அடுத்த கேள்வி. அந்தக் காலத்தில் எல்லாம் ஜனநாயகம்தான் என்று பெருமை பேசும்போது உத்திரமேரூர் கல்வெட்டைக் காட்டுவது வழக்கம். முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு, 919, 921 ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தது. 30 குடும்புகள், குடவோலை, ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்று படிக்கப் படிக்க ஆச்சரியமாகத்தான் இருக்கும். ஏரியைப் பார்த்துக்கொள்ளத் தனி வாரியம் வைத்திருந்த ஊரைப் பாராட்டாமல் இருக்க முடியாது. ஆனால் அதே கல்வெட்டில் தகுதியும் சொல்லப்பட்டிருக்கிறது: வரி கட்டுகிற நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும், வயது 35 முதல் 70 வரை, வேதம் தெரிந்திருக்க வேண்டும். குத்தகைக்கு உழுதவர், கூலிக்கு ஏரிக்கரையில் மண் சுமந்தவர் பெயர் குடத்துக்குள் போகவே போகாது. சாவடிகளும் அப்படித்தான். அந்தந்தச் சமூகத்துக்கு அந்தந்தச் சாவடி. இந்தச் 'சொந்த மனை' என்கிற நிபந்தனையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் வருடம் கழித்து இன்னொரு சட்டத்தில் அது திரும்பவும் வரப்போகிறது.

ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் பெருமைப்பட வேண்டிய ஒரு தேதி 1875. அந்த வருடத்தில்தான் அங்கே பென்னிங்டன் பொது நூலகம் தொடங்கப்பட்டது. அப்போது அந்த ஊர் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. கலெக்டராக இருந்த வெள்ளைக்காரர் பெயரை வைத்தார்கள், ஆனால் நிறுவியது உள்ளூர்ப் பெரியவர்கள். உள்ளாட்சி அமைப்புகள் பற்றி ரிப்பன் பிரபு தன் புகழ்பெற்ற தீர்மானத்தை வெளியிட்டது 1882 இல். சென்னை மாகாண மாவட்ட நகராட்சிகள் சட்டம் வந்தது 1884 இல். ஸ்ரீவில்லிபுத்தூர் நகராட்சி ஆனது 1894 இல். ஆக, நகராட்சி வருவதற்கு 19 வருடம் முன்னாலேயே அந்த ஊர் தனக்கு ஒரு நூலகம் வேண்டும் என்று கேட்காமல், தானே கட்டிக்கொண்டது. ராஜபாளையத்தில் நகராட்சி வந்தது 1940களில்தான். அங்கேயும், சென்னை மாகாணத்தின் பிரதமராகவும் முதலமைச்சராகவும் (1949-52) இருந்த பி.எஸ். குமாரசாமி ராஜா தன் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தார். பொது வேலைக்கு ஊர்க்காரர் முன்வருவது இந்தப் பக்கத்தில் புதுசு இல்லை என்பதற்காக இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. நகராட்சித் தேர்தலில் ஓட்டுப் போட மட்டும் வரி கட்டியிருக்க வேண்டும். வாடகை வீட்டில் இருந்த மில் தொழிலாளிக்கு அந்த ஓட்டு சுதந்திரம் வரும்வரை எட்டாக் கனி.

சரி, நகர் வளர்ச்சித் திட்டம் என்ற எண்ணம் இந்தப் பக்கம் எப்போது வந்தது? 1914 இல், ஒரு தாடிக்காரரோடு வந்தது.

பேட்ரிக் கெடிஸ், ஸ்காட்லாந்துக்காரர், 1854 இல் பிறந்தவர். படித்தது உயிரியல். அதனால் ஊரையும் ஒரு உயிராகப் பார்த்தார். சென்னை கவர்னர் பென்ட்லண்ட் பிரபு அழைத்ததன் பேரில் நகரமைப்புக் கண்காட்சி ஒன்றைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். உலகத்து ஊர்களின் படங்கள், வரைபடங்கள், மாதிரிகள் எல்லாம் கிளான் கிராண்ட் என்ற கப்பலில் தனியாக வந்தன. அது முதல் உலகப் போர் தொடங்கிய நேரம். செப்டம்பர் 22 அன்று சென்னையில் குண்டு போட்டுவிட்டுப் போன அதே எம்டன், அக்டோபரில் அந்தக் கப்பலை மடக்கி மூழ்கடித்தது. கெடிஸ் பல வருடமாகச் சேர்த்த மொத்தச் சேகரிப்பும் கடலுக்குள் போனது. மனுஷன் அசரவில்லை. இங்கிலாந்தில் இருந்த நண்பர்கள் அவசரமாக இரண்டாவது கண்காட்சிக்குப் பொருள் சேர்த்து அனுப்ப, 1915 ஜனவரியில் சென்னையில் கண்காட்சி நடந்தது. எம்டன் என்றால் இன்றைக்கும் தமிழில் ஒரு அர்த்தம் இருக்கிறது. ஆனால் அந்த எம்டன் தமிழ்நாட்டு நகரமைப்பையும் ஒரு கை பார்த்தது என்பது பலருக்குத் தெரியாது!

கண்காட்சி முடிந்ததும் கெடிஸ் மாகாணத்து ஊர்களைச் சுற்றினார். மதுரை, தஞ்சாவூர் போன்ற ஊர்களைப் பற்றி அறிக்கைகள் எழுதினார்.  ஆனால் இந்தக் கட்டுரைக்கு முக்கியம் தஞ்சாவூர்.

தஞ்சைக் கோட்டைக்குள் நெரிசலான குடியிருப்புகள். சுகாதாரம் சரியில்லை. அந்தக் கால இன்ஜினியர்களுக்கு ஒரே மருந்துதான் தெரியும்: ஸ்கேல் வைத்து நேராகக் கோடு போடு, வழியில் இருக்கிற வீடுகளை இடி, அகல ரோடு போடு. காற்று வரும், வண்டி வரும். வீடு போனவர்கள் எங்கே போவார்கள்? அது திட்டத்தில் இல்லை. அவர்கள் இன்னொரு நெரிசலான தெருவுக்குத்தான் போவார்கள், அங்கே நெரிசல் இரண்டு மடங்காகும்.

கெடிஸ் செய்தது இதற்கு நேர் எதிர். அந்தச் சந்துகளில் நடந்தார். ஒவ்வொரு வீடாக, ஒவ்வொரு கிணறாக, மரமாகப் பார்த்து வரைபடத்தில் குறித்தார். இடிந்து கிடக்கிற வீடு எது, காலி மனை எது, நல்ல வீடு எது என்று பிரித்தார். பாழடைந்த இரண்டொரு வீட்டை மட்டும் எடுத்துவிட்டு, பக்கத்துக் காலி மனைகளோடு சேர்த்தால் ஒரு சின்ன முற்றம் கிடைக்கிறது. அதில் ஒரு மரம் நடலாம், பிள்ளைகள் விளையாடலாம், காற்றும் வரும். இப்படி அங்கங்கே செய்தால் போதும், ஊரைக் கிழிக்க வேண்டாம் என்றார். செலவும் ரோடு போடுகிற திட்டத்தைவிட மிகக் குறைவு. கை காலை வெட்டாமல், புண்ணை மட்டும் நீக்குகிற அறுவை சிகிச்சை என்று இதை விளக்கினார். முதலில் நோயை அறி, பிறகு மருந்து கொடு. அவர் சொன்ன மொத்தத் தத்துவமும் இதுதான். நோயை அறிய வேண்டும் என்றால் நோயாளியிடம் பேசித்தானே ஆக வேண்டும்?

பேசுவது என்றால் எப்படி என்பதை இந்தூரில் காட்டினார். அங்கே பிளேக் நோய் இருந்தது. அவர் அளவெடுக்கப் போனாலே வீட்டை இடிக்க வந்த ஆள் என்று ஜனங்கள் பயந்தார்கள். மகாராஜாவிடம் கெடிஸ் ஒரு விசித்திரமான வேண்டுகோள் வைத்தார்: ஒரே ஒரு நாள் நானே மகாராஜாவாக இருக்கிறேன்! சம்மதம் கிடைத்தது. தீபாவளிக்குப் பெரிய ஊர்வலம், அது வழக்கமான பாதையில் போகாது, எந்தத் தெரு அதிகமாகச் சுத்தம் செய்யப்பட்டு வீடுகள் பழுது பார்க்கப்பட்டிருக்கிறதோ அந்தத் தெரு வழியாகத்தான் போகும் என்று அறிவித்தார். குப்பையை அள்ளிப் போக வண்டி இலவசம். தெருவுக்குத் தெரு போட்டி வந்துவிட்டது. வண்டி வண்டியாகக் குப்பை வெளியே போனது. ஊர்வலத்தில் பிளேக்கைப் பரப்புகிற எலியின் பிரமாண்ட உருவம் வந்தது. துப்புரவுத் தொழிலாளர்கள் வெள்ளை உடையில் மாலை போட்டு, மரியாதையோடு நடந்து வந்தார்கள். கடைசியில் எலியும் அசுத்த அரக்கனும் கொளுத்தப்பட்டன.

ஸ்ரீவில்லிபுத்தூர் தேரையும் இந்தூர் ஊர்வலத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் தெரியும். கெடிஸ் புதிதாக எதையும் இறக்குமதி செய்யவில்லை. ஊருக்கு ஏற்கெனவே தெரிந்த ஊர்வலத்தை எடுத்து, அதன் பாதையை மட்டும் மாற்றினார். இதில் வேடிக்கை கொஞ்சம் அதிகம் என்பதும் உண்மைதான். மகாராஜா தயவில் நடந்தது என்பதும் உண்மைதான். மறுநாள் அவர் மகாராஜா இல்லை, தெருக்காரர்களுக்கும் திட்டத்தில் நிரந்தரமாக ஒரு இடம் கிடைத்துவிடவில்லை.

கெடிஸ் விதைத்தது சென்னையில் சட்டமாக முளைத்தது 1920 இல். சென்னை நகரமைப்புச் சட்டம், அந்த வருடத்தின் 7 ஆவது சட்டம். நகராட்சியே தன் ஊருக்கு ஒரு திட்டம் தயாரிக்கலாம், வரைவை வெளியிட்டு ஆட்சேபணைகளையும் யோசனைகளையும் கேட்க வேண்டும், பிறகு அரசாங்கம் ஒப்புதல் தரும். ரோடு வந்ததால் நிலத்தின் மதிப்பு உயர்ந்தால் அதில் ஒரு பங்கை நகராட்சி வசூலிக்கவும் வழி இருந்தது. நல்ல சட்டம்தான். ஆனால் கெடிஸிடம் இருந்த முக்கியமான ஒன்று சட்டமாகும்போது உதிர்ந்துவிட்டது. அவர் வரைவதற்கு முன்னால் நடந்தார். சட்டமோ வரைந்த பிறகு கேட்டது. அதுவும் யாரிடம்? சட்டத்தின் கவனமெல்லாம் நில உரிமையாளர் மேல். யாருடைய மனை போகிறது, யாருக்கு நஷ்ட ஈடு, யாரிடம் மேம்பாட்டுக் கட்டணம் என்ற கணக்குத்தான் அதிகம். உத்திரமேரூரின் 'சொந்த மனை' திரும்ப வந்துவிட்டது!

சுதந்திரத்துக்குப் பின் அந்த இடத்துக்கு வந்தது தமிழ்நாடு நகர் மற்றும் ஊரமைப்புச் சட்டம், 1971. இன்றுவரை மாஸ்டர் பிளானுக்கு அதுதான் அடிப்படை. அதில் 26 ஆவது பிரிவு இப்படிப் போகிறது: வரைவுத் திட்டம் தயாரானதும் அரசாங்கத்தின் இசைவு பெற்று, அரசிதழிலும் நாளிதழ்களிலும் அறிவிப்பு வெளியிட வேண்டும். ஆட்சேபணை, யோசனை சொல்ல குறைந்தது இரண்டு மாத அவகாசம் தர வேண்டும். அவற்றைப் பரிசீலித்த பிறகே ஒப்புதல். கடையில் பொருள் வாங்கியபின் பில்லைச் சரிபார்க்கிற மாதிரி. என்ன வாங்குவது என்பது ஏற்கெனவே முடிந்துபோயிருக்கும், கூட்டலில் தப்பு இருந்தால் மட்டும் சொல்லலாம்.

ஆட்சேபணைகளும் அதற்கேற்ற மாதிரிதான் வரும். என் சர்வே எண் பச்சையில் விழுந்திருக்கிறது, மஞ்சளாக்குங்கள். என் தோட்டத்தின் மேல் ரோடு போட்டிருக்கிறீர்கள், கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். இதில் தப்பு ஒன்றும் இல்லை, நிலம் வைத்திருப்பவருக்கு அது வாழ்க்கைப் பிரச்சனை. ஆனால் சர்வே எண் இல்லாதவர் என்ன எழுதுவார்? வாடகைக்குக் குடியிருக்கிற தறித் தொழிலாளி, ஷிஃப்ட் முடிந்து ராத்திரி பத்து மணிக்கு மில் பஸ்ஸில் இறங்கி நடந்து போகிற பெண், ரோட்டோரத்தில் மாம்பழக் கூடை வைத்திருப்பவர்... இவர்களுக்கும் ஊர் எப்படி இருக்க வேண்டும் என்பதில் கருத்து இருக்கும். படிவத்தில் அதற்குக் கட்டம் இருக்காது.

இதே சட்டத்தில் இன்னும் இரண்டு பிரிவுகள் கவனிக்கத்தக்கவை. 32 ஆவது பிரிவு, திட்டத்தை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மறுபரிசீலனை செய்யச் சொல்கிறது. நடந்தது என்ன? சென்னையின் முதல் மாஸ்டர் பிளான் 1975 இல் வந்தது, இரண்டாவது 2008 இல். 33 வருடம்! கோயம்புத்தூருக்கு 1994 இல் ஒன்று, அடுத்ததன் வரைவு வந்தது 2024 இல், ஒப்புதல் 2025 இல். பெரிய நகரங்களுக்கே இந்தக் கதி என்றால் ஒரு லட்சம் பேர் ஊர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. 38 ஆவது பிரிவு இன்னும் சுவாரஸ்யம். பூங்காவுக்கோ ரோட்டுக்கோ என்று ஒதுக்கிய தனியார் நிலத்தை மூன்று வருடத்துக்குள் கையகப்படுத்த நடவடிக்கை எடுக்காவிட்டால், அந்த ஒதுக்கீடு விடுபட்டுப் போகும். உரிமையாளருக்கு இது நியாயம். பணம் கொடுக்காமல் நிலத்தைக் காலமெல்லாம் முடக்கி வைக்க முடியாதல்லவா? ஆனால் நகராட்சியின் வரவு செலவில் பூங்காவுக்குப் பணம் இல்லை என்றால், வரைபடத்தின் பச்சைக் கட்டம் மூன்றே வருடத்தில் வெறும் காகிதம். பட்ஜெட் இல்லாத திட்டத்துக்கு மக்களிடம் கருத்துக் கேட்டு என்ன, கேட்காமல் இருந்து என்ன?

இந்த முடிச்சைப் புரிந்துகொண்டவர்கள் மலைக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள். ராஜபாளையத்தின் மேற்கு எல்லையில் தெரிகிற அதே மலைத்தொடரைத் தாண்டினால் கேரளா. அங்கே 1996 ஆகஸ்ட் 17 அன்று, சிங்ஙம் மாதம் முதல் தேதி, மக்கள் திட்ட இயக்கம் ஆரம்பமானது. முதலில் செய்த காரியம் பணத்தை ஒதுக்கியது: மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதம் வரை உள்ளாட்சிகளுக்கு என்று அறிவித்துவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் கிராம சபை, ஒவ்வொரு ஊருக்கும் வளர்ச்சி அறிக்கை, கருத்தரங்கு, பணிக்குழு எல்லாம். கூட்டத்துக்கு வந்தால் உண்மையிலேயே ஏதாவது நடக்கும் என்று தெரிந்ததால் ஜனங்கள் வந்தார்கள். பிற்பாடு அங்கேயும் உற்சாகம் குறைந்தது, கட்சிச் சண்டைகள் புகுந்தன. ஆனாலும் வரிசை சரியாக இருந்தது: முதலில் பணம், பிறகு பேச்சு, கடைசியில் திட்டம்.

இதற்கெல்லாம் வாசல் திறந்தது 1992 இல் நிறைவேறி 1993 ஜூன் 1 முதல் அமலுக்கு வந்த 74 ஆவது அரசியல் சட்டத் திருத்தம். நகராட்சிகளுக்கு அரசியல் சட்ட அந்தஸ்து, மாவட்டத் திட்டக் குழு, வார்டு குழு எல்லாம் அதில் இருக்கின்றன. வார்டு குழுவுக்கு மட்டும் ஒரு கோடு கிழித்தார்கள்: மூன்று லட்சம் மக்கள்தொகைக்கு மேல் இருந்தால்தான் கட்டாயம். ராஜபாளையத்தையும் ஸ்ரீவில்லிபுத்தூரையும் கூட்டினாலும் மூன்று லட்சம் வராது!

அதே சமயம், 1994 ஆம் வருடத்து தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின்படி கிராமங்களுக்குக் கிராம சபை வந்துவிட்டது. ஆக, ஒரு விசித்திரமான நிலை. இரண்டு ஊர்களுக்கும் நடுவே பஸ் ஜன்னலில் தெரிகிற கிராமங்களில் இருப்பவர் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற நாட்களில் எழுந்து நின்று கணக்குக் கேட்கலாம். இரண்டு கிலோமீட்டர் தள்ளி நகராட்சிக்குள் இருப்பவருக்கு அப்படி ஒரு சபையே கிடையாது. கவுன்சிலர் வீட்டுக்குப் போகலாம், மனு கொடுக்கலாம், மறியல் செய்யலாம். அவ்வளவுதான். கிராமத்தை நகரத்தோடு சேர்க்கப் போகிறார்கள் என்றால் தமிழ்நாடு முழுக்க எதிர்ப்புக் கிளம்புவதற்கு நூறு நாள் வேலையும் சொத்து வரியும்தான் காரணம் என்பார்கள். கேள்வி கேட்கிற சபை போய்விடும் என்பதும் அந்த இழப்புக் கணக்கில் சேர வேண்டியதுதான்.

இந்தக் குறை தீர 2022 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த வருடம் வார்டு குழு, பகுதி சபை விதிகள் வந்தன. நவம்பர் 1, உள்ளாட்சிகள் தினத்தன்று மாநிலம் முழுக்க நகர்ப்புறங்களில் முதல் பகுதி சபைக் கூட்டங்கள் நடந்தன. தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் நடந்த கூட்டத்தில் முதலமைச்சர் ஸ்டாலினே கலந்துகொண்டார். கிராம சபையைவிட 28 வருடம் தாமதம் என்றாலும் வந்ததே பெரிது. ஆனால் இந்தச் சபைகளில் பேசப்படுவது பெரும்பாலும் தெரு விளக்கு, சாக்கடை, குடிநீர். தெரு விளக்கு சின்ன விஷயம் இல்லை. ஆனால் மாஸ்டர் பிளான் தயாராவது ஊரமைப்புத் துறையில், சபை கூடுவது நகராட்சியில். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் படிக்கட்டு கட்டப்படவில்லை.

சென்னையில் மட்டும் ஒரு நல்ல மாற்றம். மூன்றாவது மாஸ்டர் பிளானுக்காக 2022 இல், வரைவு தயாராகும் முன்பே, எப்படிப்பட்ட நகரம் வேண்டும் என்று மக்களிடம் கருத்துக் கேட்கத் தொடங்கினார்கள். 1915 இல் கெடிஸ் தஞ்சாவூர்ச் சந்தில் நடந்ததற்கும் இதற்கும் நடுவே 107 வருடம்.

இப்போது மறுபடியும் அந்த 12 கிலோமீட்டருக்கு வருவோம். இங்கே ஊரின் எதிர்காலத்தைத் தீர்மானிப்பவை பல, நகராட்சியின் கையில் இருப்பவை சில. மலையடிவாரம் 1988 இல் சாம்பல் நிற அணில் சரணாலயம் ஆனது, 2021 இல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் ஆனது. அது வனத்துறையின் எல்லைக்கோடு. ராஜபாளையம் குடிக்கிற ஆறாவது மைல் நீர்த்தேக்கத்துத் தண்ணீர் அந்தக் காட்டிலிருந்துதான் இறங்கி வருகிறது, ஆகவே அந்தக் கோடு நல்லதற்குத்தான். தேசிய நெடுஞ்சாலை 744 இன்னொரு கோடு. திருமங்கலத்திலிருந்து ராஜபாளையம் வரை நான்கு வழிச்சாலை போடுகிற வேலை ஊர்களை ஒதுக்கிவிட்டு வயல்கள் வழியாகப் புதுத் தடத்தில் நடந்தது. அதற்குத் தெற்கே செங்கோட்டை நோக்கிப் போகிற பகுதியில், நஞ்சையும் குளங்களும் போகிறது, தடத்தை மாற்றுங்கள் என்று தென்காசி மாவட்ட விவசாயிகள் போராடினார்கள். நெடுஞ்சாலைக்கு நிலம் எடுக்க 1956 ஆம் வருடத்துச் சட்டம் ஆட்சேபணைக்குத் தருகிற அவகாசம் எவ்வளவு தெரியுமா? 21 நாள். மாஸ்டர் பிளானுக்கு இரண்டு மாதம், நெடுஞ்சாலைக்கு மூன்று வாரம்.

இந்தப் புதுச் சாலை ஓரத்தில்தான் அடுத்த கலர் கொடிகள் நடப்படும். மனை விற்கிறவருக்கு எந்த இடத்தில் இறங்கு பாதை வரும் என்று முன்கூட்டியே தெரிந்திருக்கும். கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவருகிற வரத்துக் கால்வாய் எந்த வயலுக்கு நடுவில் போகிறது, எந்த மழைக்கு எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கும் என்று தெரிந்தவர்களும் ஊரில் இருக்கிறார்கள். அவர்களில் நிறையப் பேருக்குச் சொந்தமாக நிலம் கிடையாது. மடை திறக்கிறவர், ஆடு மேய்க்கிறவர், பழைய நீர்க்கட்டியின் பேரன். செயற்கைக்கோள் படத்தை வைத்து வரைபடம் தயாரிக்கிற இந்தக் காலத்தில் கால்வாய் படத்தில் தெரியும்தான். பத்து வருடமாக மழை பொய்த்து, மேலே கருவேலம் மண்டிக் கிடந்தால் அது கால்வாயா தரிசா என்று படத்துக்குத் தெரியாது. ஆடு மேய்க்கிறவரைக் கேட்டால் ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடுவார். வரைவதற்கு முன்னால் கேட்டால் அது வரைபடத்தில் ஒரு நீலக் கோடு. வரைந்த பிறகு கேட்டால், யாரோ ஒருவருடைய மனைக்கு எதிரான ஆட்சேபணை.

வரைவு வருகிற அன்றைக்கு அறிவிப்பு நாளிதழில் வரும், சர்வே எண்களோடு, பொடி எழுத்தில். 1875 இலிருந்து இயங்கும் பென்னிங்டன் நூலகத்து மேஜையில் அந்த நாளிதழும் கிடக்கும். காலையில் முதலில் வருகிற பெரியவர் அதைப் புரட்டுவார். அந்தக் காகிதத்தோடு வரைபடத்தின் ஒரு பெரிய பிரதியையும், தமிழில், அந்தச் சுவரிலேயே ஒட்டிவைக்க எந்தச் சட்டத் திருத்தமும் தேவையில்லை. ஒரு நாலு முழக் காகிதமும் கொஞ்சம் பசையும் போதும். கருத்து எழுத ஒரு நோட்டும், கயிற்றில் கட்டிய பேனாவும்.